நீரிழிவும் நோயாளர் கைக்கருவியும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இலக்கணம் கற்பிக்கும் தொழிலினராகிய யாம் நோயைப் பற்றிப் பேச எழுந்தமை உங்களுட் சிலர்க்கு வியப்பாயிருக்கலாம். யாம் வைத்தியர் அல்லேம். ஆயினும் இந்நோயின் பெயரே ஒரு சொல்லாராய்ச்சியை வேண்டி நிற்றலின், அவ்வாயில் வழியே உட்புகுகின்றேம்.

நீரிழிவு என்பதிலுள்ள ‘இழிவு’ என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம்மவர் பலர் அதனைத் தாழ்வு என்றும் மானக்கேடு என்றும் கொள்கின்றனர். இழிதலாவது இறங்குதல், மலையினின்று இழியும் நீரையே அருவி என்கின்றோம். உடலினின்று நீர் மிகுதியாக இழிதலின் இந்நோய் இப்பெயர் பெற்றது. மதுமேகம் என்னும் வடமொழிப் பெயரும் நீரிற் காணும் தேனன்ன இனிப்பைக் குறிப்பதேயன்றிப் பழிச்சொல் அன்று. இங்ஙனமாகவும், பெண் பார்க்க வருவோர் அறிந்துவிடுவரோ என்று அஞ்சி மருந்தை அரிசிப் பானைக்குள் மறைத்து வைக்கும் வீடுகள் நம்மிடையே உள. விருந்தில் ‘வேண்டா’ என்று சொல்ல நாணி, இலட்டும் பாயசமும் உண்டு எழுவோரும் உளர். 2023ஆம் ஆண்டில் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, இந்நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர் இந்நோயுடையர் என மதிப்பிட்டது. இத்துணைப் பேர்க்கு உள்ளதொன்றை எவரிடமிருந்து மறைக்கின்றோம்?

1922ஆம் ஆண்டு ஜனவரியில், கனடா நாட்டு டொராண்டோ நகரில், 14 வயதுச் சிறுவனொருவனுக்கு இன்சுலின் முதன்முதல் ஊசிவழிச் செலுத்தப்பட்டது. அதற்குப் பின்னரும் நெடுங்காலம், இன்று இவ்வேளை தம் இரத்தத்திற் சருக்கரை எவ்வளவு என்பதை நோயாளர் தாமே அறிதற்கு வழியில்லை. சிறுநீரைப் பெனடிக்ட் என்னும் அறிஞர் வகுத்த நீலக் கரைசலோடு கொதிக்க வைத்து, அது பச்சையாகின்றதா, மஞ்சளாகின்றதா, செங்கல் நிறமாகின்றதா என்று பார்த்தனர். இரத்தத்திற் சருக்கரை மிக ஏறிய பின்னரே அது சிறுநீரிற் கசியுமாதலின், அச்சோதனை காட்டியது கழிந்துபோன செய்தியையே. சருக்கரை அளவுக்குக் கீழே தாழ்ந்து மயக்கம் வரப்போவதை அஃது ஒருபோதும் காட்டாது.

இந்நிலையை மாற்றியவருள் ஒருவர் ரிச்சர்டு பெர்ன்ஸ்டைன் என்னும் அமெரிக்கர். அவர் அப்போது வைத்தியர் அல்லர், பொறியாளர். 12ஆம் வயது முதல் இந்நோயால் வருந்தியவர். இரத்தச் சருக்கரையை அளக்கும் கருவியொன்று 1969ஆம் ஆண்டையொட்டி வந்ததனை விளம்பரத்தால் அறிந்தார். ஆயின் அதனை வைத்தியர்க்கும் மருத்துவமனைகட்குமே விற்றனர், நோயாளர்க்கு விற்றிலர். அவர் மனைவியார் வைத்தியராதலின், அவ்வம்மையார் பெயரால் அதனை வாங்கினார். நாடோறும் பன்முறை அளந்து, உணவையும் இன்சுலினையும் அதற்கேற்பத் திருத்தித் தம் நோயை அடக்கினார். தாம் கண்டதை எழுதியனுப்பியபோது மருத்துவ இதழ்கள் ஏற்றில. அவர் சினந்து வாளா இருந்தாரோ எனின், இல்லை. நாற்பத்தைந்தாம் அகவையில் மருத்துவக் கல்லூரி புகுந்து தாமே வைத்தியரானார்! நாற்பதைக் கடந்த நம்மனோர் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்க.

அவர் வழி தக்கதென்பது 1993ஆம் ஆண்டில் ஐயமற விளங்கிற்று. இன்சுலினையே நம்பி வாழும் முதல்வகை நோயாளர் 1,441 பேரை அமெரிக்காவிலும் கனடாவிலும் பல்லாண்டு ஆராய்ந்தனர். நாளுக்கு நான்கு முறையேனும் அளந்து சருக்கரையை நெருங்கிக் காத்தோருள், கண்ணிற் புதிதாகக் கேடு தோன்றும் இடர் 76 விழுக்காடு குறைந்தது. எனினும் ஒரு செய்தியை மறைத்தல் கூடாது: அவர்க்கே சருக்கரை கடுமையாகத் தாழ்ந்து பிறர் உதவி வேண்டிய நிலை மும்மடங்கு மிகுதியாக நேர்ந்தது. ஆதலின் எண் 70க்குக் கீழே காணின் உடனே மூன்று நான்கு கரண்டிச் சருக்கரையை நீரிற் கரைத்துப் பருகி, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளத்தல் வேண்டும். இதனை நோயாளர் மட்டுமன்றி வீட்டிலுள்ள சிறாரும் அறிந்திருத்தல் நலம்.

இன்றைய கருவி உள்ளங்கையில் அடங்குவது. பட்டையிலுள்ள நொதிப்பொருள் குருதியின் சருக்கரையோடு கூடிச் சிறு மின்னோட்டத்தை எழுப்ப, அதனை எண்ணாக்கிச் சில நொடியிற் காட்டுகின்றது. மாம்பழம் அரிந்த கையோடு குத்தினால் பழத்தின் இனிப்பையே அளந்தவராவோம். கையைக் கழுவி, ஈரம் துடைத்த பின்னரே குத்துக. விரல் நுனியிற் குத்தாது பக்கத்திற் குத்தின் நோவு குறையும். பட்டைகளிருக்கும் குப்பியைத் திறந்தபடி வைத்தல் ஆகாது. கருவி 150 எனக் காட்டின் உண்மையளவு 130 ஆகவோ 170 ஆகவோ இருத்தலுங் கூடும். ஆகவே ஓர் எண்ணைக் கண்டு நடுங்கவும் வேண்டா, களிக்கவும் வேண்டா. நோயுண்டா இல்லையா என்பதை ஆய்வுக்கூடச் சோதனையே துணிதல் வேண்டும்.

அளந்தவர் பலர், எழுதிவைத்தவர் சிலர். இதுவே எம் பெருங்குறை. நான்கு இட்டலி உண்டு இரண்டு மணி கழித்து அளந்தவர், மறுநாள் இரண்டு இட்டலியும் சுண்டலும் உண்டு அளந்து, இரண்டையும் அருகருகே எழுதுவாராயின், தம் உடலின் இயல்பைத் தாமே கற்கின்றார். அக்குறிப்பேட்டைக் கண்டே வைத்தியர் மருந்தைக் கூட்டவும் குறைக்கவும் இயலும். எண் தாழ்ந்ததென்று மாத்திரையைத் தாமே நிறுத்துவோர், கருவி தந்த உரிமையை மீறுகின்றனர். கையில் ஒட்டி, பதினான்கு நாள் வரை ஓயாது அளந்து கைப்பேசிக்கு அறிவிக்கும் வில்லையும் வந்துள்ளது. அதன் விலை நம்மிற் பலர்க்கு எட்டாதாயினும், நோட்டும் பென்சிலும் எட்டாதார் எவருமிலர்.

இன்னும் ஒன்று. கருவியுள்ள வீடுகளிலும் அதனை முதலில் எடுப்பவர் ஆடவரே. ‘பட்டை விலை மிகுதி, எனக்கெதற்கு?’ என்று தாய்மார் ஒதுங்கிவிடுகின்றனர். கால் மரத்துப் புண்ணான பின்னரே அவர்க்கு நோயுண்மை புலனாகின்றது. இதனை எண்ணியே நம் நிருவாகக் குழுவினர், சங்கத்தின் படிப்பகத்தில் வருகின்ற ஞாயிறு முதல், காலை ஏழு மணிக்குத் தாய்மார்க்கெனத் தனியே ஒரு வேளை ஒதுக்கியுள்ளனர். செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற நம் குலத்து அம்மையார் ஒருவர் உடனிருந்து அளந்து காட்டுவார். வருவோர் உணவு கொள்ளாது வருக. ஒருவர்க்குக் குத்திய ஊசி மற்றொருவர்க்குப் பயன்படாது; ஆளுக்கொன்று புதிதாக எடுக்கப்படும். பெயர்ப்பதிவு ஏடு அங்கு இராது. எண்ணை அவரவர் குறிப்பேட்டிலேயே எழுதிக் கொடுப்பர்.