இரண்டாம் வரிசையில் ஒரு பருவம்

திக்லிபூர் வாழ் தமிழன்பர்களே! அயர்லாந்து மக்கள் உயிராகப் போற்றும் ஆட்டம் ஹர்லிங். அணிக்குப் பதினைவர், கையில் மரமட்டை. கம்பங்களின் குறுக்குச் சட்டத்துக்கு மேலே பந்து சென்றால் 1 புள்ளி. கீழே வலைக்குள் புகுந்தால் 3. ஆடுவோர்க்கு ஊதியம் கிடையாது.

மாவட்ட அணிகளின் முதல் வரிசைக்கு அடுத்தது ஜோ மக்டோனா கோப்பை, 2018இல் தோன்றியது. 2019இல் ஐந்து அணிகள் அதில் மோதின. ஜூன் 30 அன்று குரோக் பார்க் அரங்கில் லீஷ் அணி வெஸ்ட்மீத்தை 35-21 என வென்றது. இத்துடன் நின்றிருந்தால் இப்பேச்சுக்கே இடமில்லை. இறுதிக்கு வந்த இருவருக்கும் முதல் வரிசையாருடன் ஒருமுறை மோதும் உரிமை அவ்வாண்டு இருந்தது. ஏழே நாளில், போர்ட்லீஷ் மைதானத்தில், லீஷ் எதிர்கொண்டது தலைநகர் டப்ளினை! அந்த டப்ளினோ சில வாரங்களுக்கு முன்புதான் வலிமை மிக்க கால்வேயை வீழ்த்தியிருந்தது. முடிவு: லீஷ் 25, டப்ளின் 23. போர்ட்பிளேர் என வழங்கிய ஸ்ரீ விஜயபுரத்துக்கு ஏறத்தாழ 300 கி.மீ. கடந்து ஆடச் செல்ல வேண்டிய உங்கள் ஊர் இளைஞர்க்கு, அம்மகிழ்ச்சியை நான் விளக்க வேண்டுவதில்லை.

அடுத்த வாரம் டிப்பரரியிடம் 31-21 எனத் தோற்றது லீஷ். அதில் இழுக்கில்லை, அவ்வாண்டின் நாட்டு வாகையர் டிப்பரரியே.

என் நெஞ்சில் தைப்பது வேறொன்று. 1981, 1985, 1994, 1998 ஆகிய ஆண்டுகளில் நாட்டு வாகை சூடிய ஆஃபலி, அதே பருவத்தில் மூன்றாம் வரிசைக்குத் தள்ளப்பட்டது. ஐந்தாண்டு கழித்து, 2024இல், ஜோ மக்டோனா கோப்பையை ஆஃபலி வென்றது. இறுதி ஆட்டத்தில் அதனிடம் தோற்றது லீஷ்.