இலண்டன் மேயரை எந்தத் தராசில் நிறுப்பது?

(நமது அறக்கட்டளையின் மாதாந்திரக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)





இலண்டன் மேயர் சாதிக் கானைப் பற்றி நம் வாட்ஸ்அப் குழுக்களுக்கு இரண்டு வகை வீடியோ வருகிறது. ஒன்று, "மாஷா அல்லாஹ், பஸ் ஓட்டுநரின் மகன், நம்ம ஆள், இலண்டனுக்கே மேயர்" என்று சொல்லும். மற்றொன்று, அவர் வந்த பிறகு இலண்டனே கத்திக்குத்து ஊராகிவிட்டது என்று சொல்லும். முதலாவதை எல்லோருக்கும் அனுப்புகிறோம், இரண்டாவதைப் பார்த்துக் கொதிக்கிறோம். ஆனால் அந்த மனிதர் செய்த வேலை என்ன என்பது இரண்டிலுமே இல்லை. இரண்டும் அவருடைய பெயரைத்தான் எடை போடுகின்றன.

இலண்டன் கதை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். நாளை உள்ளாட்சித் தேர்தலில் நம் வார்டுக்கு யார் வந்து நின்றாலும் இதே தராசைத்தான் நாம் எடுக்கப் போகிறோம். அதனால்தான் பேசுகிறேன்.

முதலில் அவர் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அந்த மேயர் பதவியே 2000-இல்தான் வந்தது. கென் லிவிங்ஸ்டன், போரிஸ் ஜான்சன், அதற்குப் பின் 2016 முதல் இவர். போக்குவரத்தின் பெரும்பகுதி அவர் பொறுப்பு. காவல்துறைக்கு முன்னுரிமைகளை வகுப்பது, பெரிய கட்டடங்களின் அனுமதி, குறைந்த விலை வீடுகளுக்கான நிதி ஆகியவையும் உண்டு. குப்பை அள்ளுவது அவர் வேலையில்லை, அது 32 பரோ மன்றங்களின் வேலை. மருத்துவமனையும் அவரிடம் இல்லை. குப்பைக்காக அவரைத் திட்டுகிறவரும், மருத்துவமனைக்காகப் புகழ்கிறவரும் முகவரி மாறிப் போன கடிதம் எழுதுகிறார்கள்.

கத்திக்குத்து விஷயத்துக்கு வருவோம். 2021-இல் மட்டும் இலண்டனில் 30 பதின்ம வயதுப் பிள்ளைகள் கொலை செய்யப்பட்டார்கள். அதைச் சாதாரணமாகக் கடந்துபோக யாருக்கும் உரிமை இல்லை, நம்ம ஆள் என்பதற்காக நமக்கும் இல்லை. அதே நேரம், கத்திக் குற்றங்கள் இங்கிலாந்து முழுவதிலுமே அவர் பதவிக்கு வருமுன்பே ஏறத் தொடங்கியிருந்தன. 2010-க்குப் பின் மத்திய அரசு காவல்துறைக்கான நிதியைக் குறைத்ததும் உண்மை. காவல் ஆணையரை நியமிக்கும் அதிகாரம் உள்துறை அமைச்சரின் பரிந்துரையில் இருக்கிறது, மேயரின் கருத்தைக் கேட்டுக்கொள்வார்கள், அவ்வளவுதான். ஆனாலும் 2022 பிப்ரவரியில் நம்பிக்கை இல்லை என்று அவர் சொன்னதும் அன்றைய ஆணையர் விலகினார். அப்படியானால் கையில் ஒன்றுமே இல்லை என்றும் அவர் சொல்ல முடியாது.

பாராட்ட வேண்டியதை ஒரு மூச்சில் சொல்லிவிடுகிறேன். ஒரு மணி நேரத்துக்குள் பஸ் மாறினால் மறு கட்டணம் இல்லை என்பதை 2016-இல் கொண்டுவந்தார். 2023 செப்டம்பரிலிருந்து அரசு ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் அனைவருக்கும் இலவச மதிய உணவு. காமராஜரையும் எம்.ஜி.ஆரையும் பார்த்த ஊர்க்காரர்கள் நாம், அதன் அருமையை நமக்கு யாரும் விளக்க வேண்டாம்.

அவரை உண்மையில் எடை போடுவதற்கு ஏற்ற விஷயம் புகை வரிதான். 'யூலெஸ்' என்பார்கள். அதிகம் புகை கக்கும் பழைய வாகனத்தை எடுத்தால் நாளொன்றுக்கு 12.50 பவுண்டு கட்ட வேண்டும். பெரும்பாலும் 2006-க்கு முந்தைய பெட்ரோல் கார்களும் 2015-க்கு முந்தைய டீசல் கார்களும் இதில் மாட்டும். திட்டத்தை முதலில் அறிவித்தவர் போரிஸ் ஜான்சன். 2020-இல் தொடங்க இருந்ததை முன்னுக்கு இழுத்து, 2019 ஏப்ரலில் நகர மையத்தில் தொடங்கியவர் இவர். 2021-இல் விரித்தார். 2023 ஆகஸ்ட் 29-இல் இலண்டன் முழுவதற்கும் கொண்டுவந்தார்.

காரணம் வலுவானது. வாகனப் புகை மிகுந்த சாலைக்கருகே வாழ்ந்து ஆஸ்துமாவால் இறந்த 9 வயதுச் சிறுமியின் மரணத்துக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று 2020-இல் விசாரணை அதிகாரியே தீர்ப்பளித்தார். எதிர்ப்பும் வலுவாகவே வந்தது. கருத்துக்கேட்பில் பெரும்பான்மையோர் வேண்டாம் என்றார்கள். ஐந்து மன்றங்கள் நீதிமன்றம் போய்த் தோற்றன. இவருடைய கட்சி ஓர் இடைத்தேர்தலையே இழந்தது, கட்சித் தலைவரும் மறுயோசனை செய்யச் சொன்னார். இவர் பின்வாங்கவில்லை. 2024-இல் இலண்டன் நைட்ரஜன் டை ஆக்சைடு அளவில் முதன்முறையாகச் சட்ட வரம்புக்குள் வந்தது. வாகனங்கள் பொதுவாகவே புதிதாகி வருவதும் அதில் ஒரு பங்கு என்றாலும், ஓட்டை இழக்கும் பயத்தில் ஒதுங்காதது ஒரு தலைவரின் குணம். இதற்கு நான் முழு மதிப்பெண் தருவேன்.

செய்த விதத்துக்குத் தர மாட்டேன். பழைய வேனை வைத்துத் தண்ணீர்க் குழாய் வேலைக்குப் போகிறவர், இரவு வேலை முடிந்து பஸ் இல்லாத புறநகருக்குத் திரும்புகிற செவிலியர், இவர்களுக்கு 12.50 பவுண்டு ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு மேல். பழைய வாகனத்தைக் கொடுத்து மாற்ற உதவித்தொகை இருந்தது. அதை இலண்டன்வாசிகள் எல்லோருக்கும் திறந்துவிட்டது ஆகஸ்ட் 21-இல், வரி தொடங்க எட்டே நாள் இருக்கும்போது. அந்தக் கதவை ஓர் ஆண்டு முன்பே திறந்திருந்தால் பாதிக் கோபம் எழுந்திருக்காது என்பது என் கணிப்பு. ஏழையின் சுமையைக் கடைசி வாரத்தில் நினைத்துப் பார்ப்பது அமானிதத்தைக் காக்கும் முறையில்லை.

எலிசபெத் ரயில் பாதை 2018 டிசம்பரில் திறக்க வேண்டியது, 2022 மே மாதம்தான் திறந்தது. அதன் மேற்பார்வையில் அவருக்கும் பங்கு இருந்தது, அந்தக் கணக்கில் அவருக்கும் பொறுப்பு உண்டு.

2024 மே மாதம் மூன்றாம் முறையாக ஏறத்தாழ 44 சதவீத வாக்குடன் வென்றார். அடுத்த தேர்தல் 2028-இல். இனி அவரைக் கேட்க வேண்டிய கேள்வி வீடு பற்றியது. முதல் வீட்டுத் திட்டத்தில் 1,16,000 குறைந்த விலை வீடுகளுக்கு வேலை தொடங்கும் இலக்கை 2023 மார்ச்சில் எட்டினார். அடுத்த திட்டத்தின் இலக்கையோ குறைக்க வேண்டியதாயிற்று. வட்டியும் கட்டுமானச் செலவும் ஏறியது அவர் கையில் இல்லை. எந்த நிலத்தில், யாருக்காக, எவ்வளவு வாடகையில் கட்டுவது என்பதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. டூட்டிங் தொகுதியில் அவருக்கு எம்.பி.யாக ஓட்டுப் போட்ட நம் தமிழ் மக்களின் பிள்ளைகளும் அந்த வாடகையைத்தான் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.