நாற்றுக்கு ஏற்ற விளக்கு

வெயிலுக்குப் பஞ்சமில்லாத நாட்டில் செடிக்கு விளக்கேற்றி வைப்பதா என்று நேயர்கள் சிலர் வியப்படையக்கூடும். வியப்பில் நியாயம் உண்டு. ஆயினும் திருவள்ளூர் மாவட்டத்தில் படிப்பை முடித்த இளைஞர் சிலர், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் வேலை தேடுவதோடு நின்றுவிடாமல், வீட்டு நிலத்தில் பசுமைக்குடில் அமைத்துக் காய்கறி நாற்று விற்கும் தொழிலில் இறங்க விரும்புகிறார்கள். அவர்களுள் ஒருவர் விளக்குகளின் விலைப்பட்டியல் ஒன்றை என்னிடம் நீட்டி, "இவற்றுள் எதை வாங்கலாம், ஐயா?" என்று கேட்டார். பட்டியலில் கண்ட தொகை, அவர் குடிலுக்காக வாங்க எண்ணியிருந்த கடனில் பாதிக்கு மேல் இருந்தது. எதை வாங்குவது என்பதற்கு முன்னே, வாங்கத்தான் வேண்டுமா என்ற கேள்வி நிற்கிறது. இரண்டுக்கும் விடை காணும் வழியை மாணவ நண்பர்களாகிய உங்களுக்குச் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன்.

முதலில், செடி காணும் ஒளி வேறு, நாம் காணும் ஒளி வேறு என்பதை மனத்தில் இருத்துங்கள். 1882-ஆம் ஆண்டில் எங்கல்மன் என்ற ஜெர்மானிய அறிஞர் ஓர் அழகிய சோதனை செய்தார். பச்சைப் பாசியின் மெல்லிய இழை ஒன்றின்மேல், முப்பட்டைக் கண்ணாடியால் பிரித்த வானவில் நிறங்களை விழச் செய்தார். உயிர்வளியை நாடிச் செல்லும் நுண்ணுயிர்களை அந்த நீரில் விட்டார். அவை எங்கே கூடின தெரியுமா? சிவப்பு நிறம் விழுந்த இடத்திலும் நீலம் விழுந்த இடத்திலும் மொய்த்துக்கொண்டன. அங்கேதான் பாசி மிகுதியாக உயிர்வளியை வெளியிட்டது. அங்கேதான் ஒளிச்சேர்க்கை வேகமாக நடந்தது. பின்னர் 1970-களின் தொடக்கத்தில் மக்ரீ என்பவர் பல பயிர்களின் இலைகளை ஆராய்ந்து, 400 நானோமீட்டர் முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளி முழுவதும் செடிக்கு உதவுகிறது என்றும், பச்சை ஒளிகூட வீணாவதில்லை என்றும் காட்டினார்.

நம் கண்ணோ பச்சையும் மஞ்சளும் கலந்த 555 நானோமீட்டர் ஒளியைத்தான் மிகுதியாக உணர்கிறது. விளக்குப் பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் 'லூமென்' என்ற அளவு கண்ணுக்காக ஏற்பட்டது. அதை வைத்துச் செடிக்கு விளக்கு வாங்குவது, மாட்டுக்குத் தீவனம் வாங்கப்போனவன் தன் நாக்கில் வைத்துச் சுவை பார்ப்பது போன்றது. செடிக்கு வேண்டியது எண்ணிக்கை; இலைமேல் எத்தனை ஒளித்துகள்கள் விழுகின்றன என்னும் எண்ணிக்கை. அவ்வெண் மிகப் பெரிதாகையால் அதை மோல் கணக்கில் சொல்கிறார்கள். ஒரு மோல் என்பது 6 என்னும் எண்ணுக்குப் பின் 23 சுழிகள் இட்டாற்போன்ற தொகை. அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோமோல்.

தக்காளி, கத்தரி, மிளகாய் ஆகியவற்றின் நாற்று திடமாக வளர, ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 10 முதல் 15 மோல் வரை ஒளித்துகள்கள் போதும். திருவள்ளூர்ப் பக்கத்தில் திறந்த வெளியில் கதிரவன் ஆண்டுச் சராசரியாக 35 மோலுக்குக் குறையாமல் பொழிகிறான். மார்கழி மாதத்திலும் வானம் தெளிந்திருந்தால் 30 மோல் கிடைக்கும். ஆண்டின் மிகக் குறுகிய பகலும் நமக்குப் பதினொன்றே கால் மணிக்குக் குறைவதில்லை. ஹாலந்து நாட்டில் டிசம்பரில் பகல் எட்டு மணி நேரங்கூட இல்லை. வெளியிலேயே நாலைந்து மோல் கிடைத்தால் பெரிது. அங்கே கண்ணாடிக் குடில்களில் இரவெல்லாம் விளக்கெரிவதில் பொருள் இருக்கிறது. அங்குள்ளவர்களுக்காக எழுதிய விலைப்பட்டியலை அப்படியே கும்மிடிப்பூண்டிக்குக் கொண்டுவந்தால், வெயிலில் குடை விற்பவனிடம் கம்பளி வாங்கிய கதையாகிவிடும்.

அப்படியானால் இங்கே இருட்டு எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதியை நாமே உண்டாக்குகிறோம். குடிலின் மேல்தாள், புதிதாக இருக்கும்போதே, வரும் ஒளியில் ஆறில் ஒரு பங்கை நிறுத்திவிடும். அதன் கீழே பாதி வெயிலைத் தடுக்கும் நிழல்வலையைக் கட்டுகிறோம். கோடைக்கு அது இன்றியமையாதது. ஆனால் ஐப்பசி அடைமழையிலும் அதை அவிழ்ப்பாரில்லை. தொழிற்பேட்டையை அடுத்த ஊர்களில் இன்னொன்றும் சேர்கிறது. உருக்காலைகளும் வண்டிப் போக்குவரத்தும் உள்ள பக்கத்தில் குடிலின் தாள்மேல் விரலை வைத்து இழுத்துப் பாருங்கள், கோடு விழும். மழை கழுவிவிடும் என்று இருந்துவிடலாகாது. எண்ணெய்ப் பசையோடு ஒட்டிய புழுதி மழைக்குப் போவதில்லை. தாளின் உட்புறத்தில் படியும் பாசியை மழை தொடுவதே இல்லை. சோப்புநீரும் மென்மையான துடைப்பமும் கொண்டு கழுவுவதற்கு ஒரு நாள் கூலிதான் ஆகும். விளக்குக் கடைக்குப் போகுமுன் அந்தக் கூலியைக் கொடுத்துப் பார்க்கவேண்டும்.

உண்மையான இருள் வடகிழக்குப் பருவமழையோடு வருகிறது. பழவேற்காட்டுப் பக்கமிருந்து மேகம் ஏறிவந்து நாலைந்து நாள் தொடர்ந்து மூடிக்கொண்டால், வெளியில் கிடைக்கும் ஒளியே தெளிந்த நாளின் கால் பங்காகக் குறையலாம். தைப் பட்டத்தில் நடவேண்டிய தக்காளிக்குக் கார்த்திகையின் பிற்பகுதியிலோ மார்கழியிலோ விதைக்கவேண்டும். அந்த நாற்றுக்கு 25 நாள்தான் வயது. அவற்றுள் ஐந்து நாள் இருண்டால் ஐந்தில் ஒரு பங்கு வாழ்வு இருளில் கழிந்ததாகும். ஒளி காணாத நாற்று ஒளியைத் தேடித் தண்டை நீட்டுகிறது. நெடுநெடுவென்று நிற்கும், இலை வெளிறும், வயலில் நட்டால் முதற்காற்றிலேயே சாயும். அப்படிப்பட்ட நாற்றை வாங்கிச் சென்ற உழவர் அடுத்த ஆண்டு உங்கள் பண்ணை வாசலுக்கு வரமாட்டார். பட்டத்தைத் தவறவிட்ட நட்டமோ அவருடையது.

எவ்வளவு குறைகிறது என்பதை ஊகத்தால் சொல்லவேண்டாம், அளக்கலாம். லக்ஸ் மானி ஒன்று போதும். கைப்பேசியிலும் அதற்குச் செயலிகள் உண்டு. துல்லியம் குறைவாயினும் தொடக்கத்துக்கு உதவும். கதிரவன் ஒளியில் வரும் லக்ஸ் எண்ணை 54-ஆல் வகுத்தால், ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு விழும் மைக்ரோமோல் கிடைக்கும். நல்ல நண்பகலில் ஒரு லட்சம் லக்ஸ் காட்டும். வகுத்தால் ஏறக்குறைய 1850. மழைநாளில் நாற்றுத் தட்டின் மட்டத்தில் மானியை வைத்து மணிக்கு ஒருமுறை குறித்து வாருங்கள். பதினொரு மணி நேரச் சராசரி 10,000 லக்ஸ் என்று வருகிறதெனக் கொள்வோம். 54-ஆல் வகுக்க 185. பதினொரு மணிக்குரிய 39,600 நொடிகளால் பெருக்க, 7 மோலுக்குச் சற்று மேல். நாம் விரும்புவது 12, பற்றாக்குறை 5. இந்த ஒற்றை எண் கையில் இருந்தால் வியாபாரியோடு துணிந்து பேசலாம். நிழல்வலையைச் சுருட்டியதும் பற்றாக்குறை மறைந்துவிட்டால், விளக்கைப் பற்றிய பேச்சே வேண்டியதில்லை.

மறையவில்லை என்றே வைத்துக்கொள்வோம். இன்றைய நல்ல எல்.இ.டி. விளக்கு, ஒரு ஜூல் மின்சாரத்துக்கு 2.5 மைக்ரோமோல் ஒளித்துகளைத் தருகிறது. ஒரு சதுர மீட்டருக்கு 5 மோல் வேண்டுமானால் 20 லட்சம் ஜூல், அதாவது அரை யூனிட்டுக்குச் சற்று மேல் ஆகும். ஒரு சதுர மீட்டரில் 98 குழிகள் கொண்ட குழித்தட்டுகள் ஆறு அடங்கும். அறுநூறு நாற்றுக்கு நேரும் செலவு இது. மின்கட்டணம் அச்சந்தருவதன்று என்பது தெளிவு. பணம் விழுங்குவது விளக்கின் விலையும், அதற்காகக் கேட்டுப் பெறவேண்டிய மின்சுமையுமே ஆகும். அந்த 5 மோலை ஐந்து மணி நேரத்தில் கொடுக்கவேண்டுமானால் சதுர மீட்டருக்கு 111 வாட்டு வேண்டும். பத்து மணி நேரம் பரப்பிக் கொடுத்தால் 56 வாட்டு போதும். நூறு சதுர மீட்டர் குடிலுக்கு 11 கிலோவாட்டா, ஐந்தரை கிலோவாட்டா என்ற வேறுபாடு சிறிதன்று. செடி நாள் முழுவதும் பெற்ற ஒளியைக் கூட்டித்தான் பார்க்கிறது. ஆகவே வலிமை மிக்க விளக்கைச் சிறிது நேரம் எரிப்பதைக் காட்டிலும், மிதமான விளக்கை மூடிய பகலிலும் மாலையிலும் நெடுநேரம் எரிப்பதே சிக்கனம். ஆனால் இரவு முழுவதும் எரித்துவிடாதீர்கள். இடைவிடாத ஒளியில் தக்காளி இலை மஞ்சளித்துக் கெடும். நாளில் 16 மணி நேரம் ஒளி, எஞ்சிய நேரம் இருள் என்பது நல்ல ஏற்பாடு.

இனி, எவ்வகை விளக்கு? செடிக்கு மின்னொளி காட்டுவது புதிய முயற்சி அன்று. 1880-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் வில்லியம் சீமன்ஸ் மின்வில் விளக்கின் ஒளியில் செடி வளர்த்துக் காட்டினார். சில ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பெய்லி அம்முயற்சியைத் தொடர்ந்தார். மூடியில்லாத மின்வில் இலைகளைக் கருக்கிவிட, கண்ணாடிக் கூண்டு போட்ட பிறகே நற்பயன் கண்டார்கள். பழைய குண்டு பல்பு பெரும்பாலும் வெப்பத்தையே தருகிறது. அதன் ஒளியில் நெடுஞ்சிவப்பு மிகுதி. 1952-இல் பெல்ட்ஸ்வில் ஆய்வு நிலையத்தில் போர்த்விக்கும் ஹெண்ட்ரிக்ஸும் அவர்தம் துணைவரும், சிவப்பு ஒளி பட்டால் முளைக்கும் லெட்டூஸ் விதை, பின்னர் நெடுஞ்சிவப்பு பட்டால் முளைக்காமல் அடங்குவதைக் கண்டறிந்தார்கள். அதே நெடுஞ்சிவப்பு, தலைக்குமேல் பிற செடி நிழல் கவிந்துவிட்டது என்ற பொய்ச் செய்தியை நாற்றுக்குச் சொல்லி, அதை நீளச் செய்கிறது. எந்தக் குறையைப் போக்க விளக்கு வைத்தோமோ அதையே குண்டு பல்பு வளர்க்கும். தெருவில் மஞ்சளாக எரியும் சோடியம் விளக்கு குளிர்நாட்டுக் குடிலுக்கு உகந்தது. அதன் வெப்பமும் அங்கே பயன்படுகிறது. இங்கே வெப்பத்தை வெளியேற்றவே விசிறி வைத்திருக்கிறோம்.

எஞ்சுவது எல்.இ.டி. நீல நிற எல்.இ.டி.யைக் கண்டறிந்ததற்காக அக்காசாக்கி, அமானோ, நக்கமுரா ஆகிய மூவரும் 2014-இல் நோபல் பரிசு பெற்றார்கள். அந்த நீலம் இல்லையேல் இன்றைய வெள்ளை எல்.இ.டி. விளக்கே இல்லை. நாற்றின் தண்டைக் குட்டையாகவும் உறுதியாகவும் நிறுத்துவதும் நீல ஒளிதான். கடைகளில் ஊதா நிறத்தில் ஒளிரும் விளக்கைக் காட்டி, இதுவே செடிக்கென்று செய்தது என்பார்கள். சிவப்பும் நீலமும் மட்டும் கலந்தது அது. செடி அதில் வளரும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவ்வொளியில் இலை மஞ்சளித்ததா, நாற்றழுகல் தொடங்கியதா என்று மனிதக் கண்ணுக்குத் தெரியாது. லக்ஸ் மானியும் அங்கே பொய் சொல்லும். எனவே, நாற்றுப் பண்ணைக்கு வெள்ளை ஒளியையே நான் பரிந்துரைப்பேன். '1000 வாட்டுக்கு இணை' என்று பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பதைப் பொருட்படுத்தாதீர்கள். உள்ளபடி எத்தனை வாட்டு இழுக்கிறது, நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் தருகிறது என்னும் இரண்டு எண்களைக் கேளுங்கள். பின்னதை முன்னதால் வகுத்தால் விளக்கின் தரம் தெரிந்துவிடும். இரண்டையும் சொல்லாத விளக்கை வாங்கவேண்டாம்.

பூவாளியும் தெளிப்பானும் நீர் தூவும் இடத்தில் மின்சாரத்தைக் கொண்டுபோகிறோம் என்பதை மறக்கலாகாது. நீர் புகாத உறை, நிலத்தொடர்பு, மின்கசிவுத் துண்டிப்பான் ஆகிய மூன்றும் இல்லாமல் ஒரு விளக்கையும் தொங்கவிடாதீர்கள். மற்றொன்று: 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் தாக்கியபோது சென்னையிலும் சுற்றுப்புறங்களிலும் பல இடங்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. விளக்கு மிகவும் வேண்டிய நாளில்தான் அது எரியாமற்போகும். அத்தகைய நாளில் உரம் கொடுக்காமலும் நீரைக் குறைத்தும் காற்றோட்டம் விட்டும் வைத்தால், நாற்று இரண்டொரு நாள் இருளைத் தாங்கிக்கொள்ளும்.

பள்ளியிலோ வீட்டிலோ ஓர் அறையில் இதைச் சோதித்துப் பார்க்க விரும்பும் மாணவர்களுக்கும் ஒரு கணக்குச் சொல்கிறேன். நாலடி நீளமும் இரண்டடி அகலமும் உள்ள அடுக்குப் பலகையில் நான்கு குழித்தட்டுகளை வைக்கலாம். கதிரவன் புகாத அறையில் 12 மோல் முழுவதையும் விளக்கே தரவேண்டும். வீட்டில் மாட்டும் 20 வாட்டு வெள்ளை எல்.இ.டி. குழல்விளக்கு ஆறு இருந்தால், 16 மணி நேரத்தில் அது கைகூடும். நாளொன்றுக்கு இரண்டு யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாகச் செலவாகும். விளக்கு தட்டுக்கு ஒரு சாண் உயரத்தில் இருக்கட்டும். நாற்று வளர வளர உயர்த்துங்கள். விதைத்த தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மூடிவைக்கும் முதல் சில நாள்களுக்கு ஒளி வேண்டியதில்லை. முளை தலைகாட்டிய அன்றே தட்டுகளைப் பிரித்து விளக்கின்கீழ் வைத்துவிடவேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் தண்டு நீண்டுவிடும். பிறகு எத்தனை விளக்கு வைத்தும் அதைக் குறுக்க முடியாது.

விளக்கொளியில் வளர்ந்த நாற்றை நேரே வயலுக்குக் கொண்டுசென்றால் நம் வெயில் அதைச் சுட்டுவிடும். நடுவதற்கு ஒரு வாரம் முன்பு, முதல் இரண்டு நாள் காலை வெயிலில் மட்டும், பிறகு நண்பகல் வரை, கடைசியில் நாள் முழுவதும் என்று தட்டுகளை வெளியே வைத்துப் பழக்குங்கள். நீரையும் சிறிது குறையுங்கள். இலை கரும்பச்சையாகி, தண்டில் ஊதாச் சாயல் படர்ந்து, விரலால் மெல்ல வளைத்துவிட்டால் நாற்று தானே நிமிர்ந்து நிற்கும்போது அதை வண்டியில் ஏற்றலாம்.