தங்கவயலில் வீடு யாருடையது?



கோலார் தங்கவயல் என்றதும் தங்கத்தைத்தான் பேசுகிறோம். இன்று நான் வீட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

மைசூர் சமஸ்தானத்தின் கிழக்கு ஓரத்தில், சென்னை மாகாண எல்லையை ஒட்டிக் கிடந்த வறண்ட புதர்க்காடு அது. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. குழிக்குள் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சித்தூர்ப் பக்கங்களிலிருந்து போன நம் மக்கள். பண்ணையில் கூலி நெல்லாக வரும், பல நேரம் கடனில் கழியும். சுரங்கத்தில் கூலி காசாக வந்தது. 1894இல் மாரிக்குப்பம் வரை ரயில் வந்தபின் குடும்பம் குடும்பமாகப் போனார்கள்.

அங்கே ஊர் இல்லை. ஊர் இல்லாததால் ஊருக்கு வெளியே ஒரு சேரியும் இல்லை. இது சாதாரண விஷயமல்ல. மிராசுதார் கண்ணில் படாத இடத்தில்தான் மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் எழுந்தது. அயோத்திதாசரின் நூல்களைச் சித்தார்த்த புத்தகசாலை வெளியிட்டது. அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின் ‘தமிழன்’ இதழ் 1926இல் அங்கிருந்தே மீண்டும் வந்தது. 1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்து கம்பெனியைப் பின்வாங்க வைத்ததும் இதே மக்கள்தான்.

ஆனால் கம்பெனியும் ஒரு கோடு போட்டது. வெள்ளை அதிகாரிக்குப் பங்களா, கிளப். கூலிக்கு மூங்கில் தட்டி அடைத்த லைன் வீடு. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து வந்த மின்சாரம் இயந்திரங்களுக்காக வந்தது, தட்டி வீட்டுக்காக அல்ல. ‘குட்டி இங்கிலாந்து’ என்று இன்றும் பெருமையாக எழுதுகிறார்கள். எந்த லைனில் நின்று பார்த்தார்களோ!

லைன் வீடு வேலையோடு சேர்ந்தது. வேலை போனால் வீடும் போகும். கம்பெனி போய் அரசு வந்தபோதும் இந்தக் கணக்கு மாறவில்லை. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி, பாறை வெடிப்பில் செத்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு மேலே ஒரு சென்ட் நிலம் பாத்தியதை இல்லை. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டபோது வேலையோடு வீடும் கேள்விக்குள்ளானது. காற்றடித்தால் சயனைடு மேட்டின் தூசி மட்டும் யாரையும் கேட்காமல் வீட்டுக்குள் வருகிறது.

தங்கத்துக்காகப் போட்ட தண்டவாளத்தில்தான் இன்று விடியுமுன்னே ஆயிரக்கணக்கானோர் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். இரவு திரும்புவது அதே லைனுக்கு. பலர் கையில் இன்னும் பட்டா இல்லை.