முதல் வேலை, ஆபீஸ் டிரெஸ்: எவ்வளவு செலவு பண்ணலாம்?

இந்த வாரம் ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கலாம். செய்யாறு பக்கத்துல இருந்து ஒரு தம்பி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். இன்ஜினியரிங் முடிச்சுட்டு, அடுத்த மாசம் ஓஎம்ஆர்ல ஒரு ஐடி கம்பெனியில சேரப்போறார். வாரம் அஞ்சு நாளும் ஆபீஸ். கைக்கு 25,000 ரூபாய் வரும். "அண்ணா, அங்க எல்லாரும் பிராண்டட் டிரெஸ்லதான் வருவாங்கன்னு சொல்றாங்க. அம்மா சீட்டு எடுத்து 20,000 தர்றேங்கறாங்க. வாங்கிக்கலாமா? கேட்டரிங் வேலைக்குப் போய் சேர்த்த 5,000 என் கையில இருக்கு."

நேரா பதில் சொல்லிடறேன் தம்பி: அந்த 20,000 வேண்டாம். ஏன் வேண்டாம்னு கணக்கோட பார்ப்போம். இதே கணக்கு, வேலையில சேர்ந்து நாலஞ்சு வருஷம் ஆனவங்களுக்கும் பொருந்தும்.

சம்பளத்தை விடுங்க, நாளை எண்ணுங்க

"சம்பளத்துல இத்தனை சதவீதம் டிரெஸ்ஸுக்கு ஒதுக்குங்க"ன்னு நிறைய பேர் சொல்லுவாங்க. எனக்கு அது சரியாப் படல. 25,000 வாங்குறவருக்கும் 75,000 வாங்குறவருக்கும் ஆபீஸ் அதே அஞ்சு நாள்தான். சம்பளம் மூணு மடங்கு ஆனதால சட்டை மூணு மடங்கு தேவைப்படாது.

எண்ண வேண்டியது ரெண்டு விஷயம். வாரத்துல எத்தனை நாள் ஆபீஸ், எத்தனை நாளுக்கு ஒருமுறை துவைக்கிறீங்க. அஞ்சு நாள் ஆபீஸ், வாரம் ஒருமுறை துவைக்கிறதுன்னா அஞ்சு சட்டை, மழையில காயாம போச்சுன்னா கைக்கு ஒண்ணு. மொத்தம் ஆறு. பேன்ட்டை ரெண்டு நாள் போடலாம், அதனால மூணு போதும். மூணு நாள் ஹைப்ரிட்னா நாலு சட்டை, ரெண்டு பேன்ட். இதுக்கு மேல வாங்குறது எல்லாம் ஆசைக்கு வாங்குறது. ஆசைக்கு வாங்குறது தப்பே இல்லை. ஆனா அதை சினிமா, பிரியாணி கணக்குல எழுதுங்க. "ஆபீஸுக்குத் தேவை"ங்கற பேர்ல எழுதாதீங்க.

ஒரு தடவை போட எவ்வளவு ஆகுது?

லீவு எல்லாம் போக வருஷத்துக்கு சுமார் 240 நாள் ஆபீஸ்னு வெச்சுக்கலாம். ஆறு சட்டைன்னா ஒவ்வொண்ணும் வருஷத்துக்கு 40 தடவை. 1,200 ரூபாய் சட்டை ரெண்டு வருஷம் நின்னா 80 தடவை. ஒரு தடவைக்கு 15 ரூபாய். 500 ரூபாய் சட்டை 25 தடவையில காலர் நைஞ்சு, சாயம் போனா, ஒரு தடவைக்கு 20 ரூபாய். இங்க விலை குறைஞ்ச சட்டைதான் அதிக செலவு. அதுக்காக விலை கூடினா நிச்சயம் உழைக்கும்னும் இல்லை. 3,000 ரூபாய் சட்டையும் அதே ரெண்டு வருஷம்தான் வரும்னா, ஒரு தடவைக்கு 37 ரூபாய் 50 காசு. வருஷத்துக்கு மூணு தடவை போடற 6,000 ரூபாய் பிளேசரை ரெண்டு வருஷம் வெச்சிருந்தாக்கூட ஒரு தடவைக்கு 1,000 ரூபாய்.

இதுல நிறைய பேர் சேர்க்காத ஒண்ணு அயர்ன். தெருமுனை அயர்ன் கடையில ஒரு துணிக்கு 15 ரூபாய்னு வெச்சா, 80 தடவைக்கு 1,200. சட்டை விலையே இன்னொரு முறை போயிடுது. அதனால துணியைத் தொட்டுப் பார்க்கும்போது கையில கசக்கிப் பாருங்க. லினன் பார்க்க அழகா இருக்கும், ஆனா பஸ்ல உட்கார்ந்து எழுந்தாலே சுருங்கிடும். முழு பாலியஸ்டர் சுருங்காது, ஆனா வேர்வையை உறிஞ்சாது. சென்னை மே மாசத்துல அதைப் போட்டுட்டு பஸ்ல நின்னு போனா, மீட்டிங்ல பக்கத்துல இருக்கிறவங்களுக்கும் தெரியும். தினமும் போட காட்டன், இல்லைன்னா காட்டன் அதிகமா இருக்கிற கலப்புத் துணி. உள்பக்கம் தைச்சிருக்கிற லேபிள்ல எத்தனை சதவீதம்னு போட்டிருக்கும்.

அடுத்தது ஃபிட். தையல் தோள்பட்டை எலும்பு முடியற இடத்துல நிக்குதான்னு பாருங்க. இடுப்பு, நீளம் எல்லாம் டெய்லர் சுலபமா பிடிச்சுக் கொடுத்துடுவார். தோள்பட்டை தப்பா இருந்தா சரி பண்றது கஷ்டம், செலவும் அதிகம். பாண்டி பஜார்ல வாங்கின 800 ரூபாய் சட்டையை உங்க உடம்புக்குப் பிடிச்சுப் போட்டா, தொளதொளன்னு இருக்கிற 2,500 ரூபாய் சட்டையை விட நல்லாத்தான் இருக்கும்.

வரி பத்தி ஒரு சின்ன தகவல். 2025 செப்டம்பர் 22-ல இருந்து ஒரு உடை 2,500 ரூபாய் வரைக்கும் ஜிஎஸ்டி 5 சதவீதம், அதைத் தாண்டினா 18. வரிக்கு முந்தின விலை 2,500னா நீங்க கட்டறது 2,625. அதே 2,501னா 2,951. ஒரு ரூபாய் கூடினதுக்கு 326 ரூபாய் வித்தியாசம். பிராண்ட் கடையில அந்தக் கோட்டுக்குப் பக்கத்துல இருக்கிறதை எடுக்கும்போது ஞாபகம் வெச்சுக்கோங்க.

பெண்களுக்கு கணக்கு மாறும்

என் டீம்ல இருக்கிற பெண்கள்கிட்ட இதைச் சொன்னா, "ஆறு சட்டைன்னு உனக்கு ஈசியா முடிஞ்சுடுச்சு"ன்னு சிரிச்சாங்க. நியாயம்தான். ஒரு பையன் ஒரே நீலச் சட்டையை வாரா வாரம் போட்டா யாரும் கவனிக்க மாட்டாங்க. ஒரு பொண்ணு அதே குர்தியை அடுத்த வாரமும் போட்டா, "இது போன வாரம் போட்டது தானே"ன்னு கேட்க ஆள் இருக்கு. மெல்லிய துணின்னா லைனிங் வேணும். புடவைன்னா பிளவுஸ் தையல் கூலி, ஃபால்ஸ், காட்டன்னா கஞ்சி, அயர்ன் எல்லாம் சேரும்.

அவங்க சொன்ன வழி இது. கறுப்பு, வெள்ளை, பழுப்புன்னு மூணு பாட்டம், எல்லாத்தோடயும் சேர்ற மாதிரி ஆறேழு டாப்ஸ். ஆறு டாப்ஸுக்கு மூணு பாட்டம்னா 18 விதமா மாத்திப் போடலாம். செட்டா வாங்கினா ஆறு, ஆறாவேதான் நிக்கும். எத்னிக் டேக்கு புதுசா எடுக்காம அம்மா புடவை. எடுத்தே ஆகணும்னா தீபாவளி சமயத்துல கோ-ஆப்டெக்ஸ் 30 சதவீதத் தள்ளுபடி வரைக்கும் காத்திருக்கிறது.

எல்லாரும் பிராண்டட்ல வருவாங்களா?

தம்பி கேட்ட கேள்வியில இருந்த பயம் இதுதான். "ஊர்ல இருந்து வந்தவன்னு டிரெஸ்ஸை வெச்சே தெரிஞ்சுடுமோ?" இதை சும்மா தட்டிக்கழிக்க மாட்டேன். டிரெஸ்ஸை வெச்சு எடை போடறவங்க எல்லா ஆபீஸ்லயும் இருக்காங்க. ஆனா ஐடி ஆபீஸ்ல இப்போ பொதுவா கெடுபிடி குறைவு. டைக்குப் பேர்போன இன்ஃபோசிஸே 2015-ல வாரம் முழுக்க ஸ்மார்ட் கேஷுவல்ஸ் போடலாம்னு மாத்திடுச்சு. உங்க டீம் லீடு ரெண்டு வருஷப் பழைய டீ-ஷர்ட்ல வர வாய்ப்பு நிறைய. பக்கத்துல உட்கார்றவங்க கண்ணுக்குப் படறது சுத்தம், வாசனை, ஷூ. காலர் உள்ளே இருக்கிற பிராண்ட் பேர் யாருக்கும் தெரியாது. சேல்ஸ், பேங்க் கவுன்ட்டர், கிளையன்ட்டை தினமும் நேர்ல பார்க்கிற வேலைன்னா இன்னும் கொஞ்சம் செலவு ஆகும், அது வேலையோட தேவை. ஆனா பயத்துல வாங்கப் போனா எத்தனை வாங்கினாலும் போதாது.

தம்பிக்கு பில் போடுவோம்

பிளேஸ்மென்ட்டுக்கு வாங்கின வெளிர் நீலச் சட்டை, கறுப்பு பேன்ட், ஷூ, பெல்ட் இருக்குன்னு சொன்னீங்க. அதோட இன்னும் ரெண்டு சட்டை, தலா 900ன்னா 1,800. ஒரு பேன்ட் 1,100. டெய்லருக்கு 100. மொத்தம் 3,000. முதல் மாசம் வாரத்துல ரெண்டு தடவை துவைக்க வேண்டியிருக்கும், சமாளிக்கலாம். கையில இருக்கிற 5,000-ல மீதி 2,000-ஐ தொடாதீங்க. மாசக் கடைசியில சேர்ந்தா, பல கம்பெனியில முதல் சம்பளம் அடுத்த மாசத்தோட சேர்ந்துதான் வரும். அதுவரைக்கும் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் வேணும். "இப்போ வாங்குங்க, அப்புறம் கட்டுங்க"ங்கற ஆப் பக்கமும் போக வேண்டாம்.

சேர்ந்து ரெண்டு மூணு வாரம் மத்தவங்க என்ன போட்டு வர்றாங்கன்னு பாருங்க. முதல் சம்பளம் வந்ததும் இன்னும் மூணு சட்டை, ஒரு பேன்ட். அது 3,800. பனியன், சாக்ஸுக்கு ஒரு 700. முதல் வருஷத்துக்கு மொத்தம் 7,500. வருஷம் முழுக்க கைக்கு வர்ற 3 லட்சத்துல ரெண்டரை சதவீதம். அடுத்த வருஷத்துல இருந்து பழசானதை மாத்தினா போதும்.

அம்மாகிட்ட இந்தக் கணக்கை அப்படியே காட்டுங்க. ஏலச் சீட்டை ஆரம்பத்துலயே எடுத்தா கழிவு அதிகமாப் போகும்னு அவங்களுக்கு நம்மளை விட நல்லாத் தெரியும். பையன் புது ஊர்ல குறைவா தெரியக்கூடாதுன்னுதான் அவங்க எடுக்கத் துணியறாங்க. "கையில இருக்கிற காசே போதும்மா, சீட்டு கடைசி வரைக்கும் ஓடட்டும்"னு சொல்லுங்க. வேலையில சேரப்போற வாழ்த்துகள் தம்பி.

அடுத்த எபிசோட்ல பிஜி அட்வான்ஸ், வாடகை பத்திப் பேசலாம்.