மெட்டுக்கு உரியவர்கள்



பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் இவ்வவையில் பேசுபொருளாக அமைந்திருப்பது, நாட்டார் இசையும் புதிய ஒலிகளும் கலப்பது பற்றியது. அக்கலப்பு நல்லதா, தீயதா என்னும் வழக்கு நெடுநாளாக நடந்து வருகிறது. அதனினும் கூர்மையான வினா ஒன்று உண்டு. கலப்பு எப்போது தோழமை ஆகிறது? எப்போது வெறும் எடுத்தாளுகையாக நின்றுவிடுகிறது?

வைகை அணைக்கரையில் இவ்வினாவை எழுப்புவது பொருத்தமே. ஆண்டிபட்டி அருகே 1959இல் திறக்கப்பட்ட இவ்வணையின் முழுக் கொள்ளளவு உயரம் 71 அடி. வருசநாட்டு மலைகளில் பிறந்த வைகையின் நீரும் இங்கே தேங்குகிறது; அரபிக்கடலை நோக்கிச் சென்றுகொண்டிருந்த பெரியாற்றின் நீரும் தேங்குகிறது. 1895இல் நிறைவுற்ற முல்லைப்பெரியாறு அணையும், மலையைக் குடைந்த சுரங்கமும் அந்நீரைக் கம்பம் பள்ளத்தாக்கின் பக்கம் திருப்பிவிட்டன. தேக்கத்தைப் பார்த்து, எது வைகை, எது பெரியாறு என்று எவராலும் பிரித்துச் சொல்ல இயலாது. பாயும் வயல் அதைக் கேட்பதுமில்லை.

ஆயினும் பெயர் பற்றிய கணக்கு ஒன்று எஞ்சி நிற்கிறது. பெரியாற்று அணையைக் கட்டிய பென்னிகுயிக்கின் பிறந்தநாளில் இப்பகுதி மக்கள் பொங்கல் வைக்கின்றனர். லோயர் கேம்பில் 2013இல் அவருக்கு மணிமண்டபமும் திறக்கப்பட்டது. அவருடன் காட்டில் உழைத்துக் காய்ச்சலில் மாண்ட கூலிகளின் பெயர்களோ பெரும்பாலும் மறைந்துபோயின. இசையின் கணக்கும் இத்தகையதே.

இப்பள்ளத்தாக்கின் பண்ணைப்புரத்தில் தோன்றியவர் பாவலர் வரதராஜன். பொதுவுடைமை இயக்க மேடைகளில் பாடியவர். வயலிலும் வீட்டு முற்றத்திலும் வழங்கிய மெட்டுகளையும், மக்கள் வாயில் புரண்ட திரைப்பட மெட்டுகளையும் எடுத்து, அவற்றுக்கு அன்றைய அரசியலைச் சொல்லாக அமைத்தார். மேடையில் ஒலித்த ஆர்மோனியமோ ஐரோப்பாவிலிருந்து வந்த கருவி. அக்காலத்துப் புதிய ஒலி அதுவே எனலாம். பாஸ்கர், ராசையா, கங்கை அமரன் ஆகிய தம்பியர் பின்னர் அவருடன் இணைந்தனர்.

1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தமிழ்த் தோட்டத் தொழிலாளர் மிகுந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் அமைந்தன. 1958இல் நடந்த தேவிகுளம் இடைத்தேர்தலில் பொதுவுடைமைக் கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் வென்றார். அத்தேர்தலுக்குப் பாவலர் பாடிய பாட்டுகள் இன்றும் நினைவுகூரப்படுகின்றன. மலையடிவாரத்து மெட்டு, மலை மேல் தேயிலை பறித்தவர்களிடம் சென்றது. அவர்களுக்கு அது அயலார் இசை ஆகவில்லை. அவர்கள் விட்டு வந்த ஊரின் குரலாகவே கேட்டது. பாடியவர் கேட்டவரின் பக்கம் நின்றார். அவ்விடத்தில் கலப்பு தோழமையாயிற்று.

அந்த ராசையா சென்னை சென்று, தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்று, இளையராஜாவாக 1976இல் 'அன்னக்கிளி' படத்தின் வழியே வெளிப்பட்டார். கிராமத்து மெட்டின் அடியில் மேற்கத்திய இசையொருமை வந்து அமர்ந்தது. திரையிசையில் ஓரமாக நின்ற நாட்டார் மெட்டு நடுவில் வந்தது. இது பெரும் பேறு. எனினும் மேடையில் பாடுவோனும் கேட்போனும் நேருக்கு நேர் நின்ற நிலை ஒலிநாடாவில் இல்லை. மெட்டு எங்கும் சென்றது. அதை வழிவழியாகக் காத்த நடவுப் பெண்கள் இருந்த இடத்திலேயே இருந்தனர்.

இக்கதை தமிழுக்கு மட்டும் உரியதன்று. பாலஸ்தீனத்தில் திருமணத்திலும் அறுவடையிலும் கைகோத்துக் காலுதைத்து ஆடும் ஆட்டத்துக்குத் தப்கே என்று பெயர். மண்கூரையை ஊரார் கூடி மிதித்துக் கெட்டிப்படுத்தியதிலிருந்து அது பிறந்ததென்பது வழிவழிச் செய்தி. 2023இல் யுனெஸ்கோ அதனை மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதற்குப் பத்தாண்டுகள் முன்னரே, 2013இல், பாலஸ்தீன, ஜோர்டானிய வேர் கொண்ட இளைஞர்கள் அம்மான் நகரில் '47 சோல்' என்ற குழுவை அமைத்தனர். மிஜ்விஸ் எனும் இரட்டைக் குழலின் ஒலியை மின்னிசைக் கருவியில் எழுப்பி, தப்கேயின் அடியை நடன அரங்குகளுக்குக் கொண்டு சென்றனர். பெயரிலுள்ள 47, லட்சக்கணக்கானோர் ஊரிழந்த 1948க்கு முந்திய ஆண்டு. அவர்கள் இசையைக் கேட்டு ஆடும் அயல்நாட்டு இளைஞன், அந்த எண்ணின் பொருளைக் கேட்காமல் போக முடியாது. ஒலி எவ்வளவு புதிதானாலும் முகவரி அழியவில்லை. தோழமைக்கு அதுவே அடையாளம்.

தமிழில் அண்மைக்காலச் சான்று, 2021 மார்ச்சில் வெளிவந்த 'எஞ்சாய் எஞ்சாமி'. தீயும் அறிவும் பாடிய அப்பாடல் ஒப்பாரியையும் சொல்லிசையையும் சந்தோஷ் நாராயணனின் இசையில் இணைத்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் நினைவு அதில் உறைந்திருக்கிறது. தேவிகுளத்து மலைக்குச் சென்ற மெட்டும் இலங்கை மலையிலிருந்து வந்த நினைவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை; நிலமில்லாதவரின் உழைப்பு இரண்டுக்கும் தாய். பாடல் கடல் கடந்து புகழ் பெற்றது. அதே ஆண்டு ஓர் இதழின் அட்டையில் அறிவு இடம்பெறாதது எதிர்ப்பை எழுப்பியது. ஆக்கத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற வழக்கு 2022இல் பொதுவெளிக்கே வந்தது. அவ்வழக்கில் தீர்ப்புச் சொல்வது இவ்வவையின் வேலையன்று. ஆனால், நிலத்தை இழந்தவர்களைப் பாடிய பாடலிலும் உரிமை பற்றிய வினா எழுந்தது என்பதைக் கவிஞர்கள் மறத்தலாகாது.

கவிஞர்களுக்கு இதில் நேரான பங்கு உண்டு. தெம்மாங்கின் சந்தத்தையும் தாலாட்டின் நடையையும் எடுத்தாளாத புதுக்கவிஞர் இப்பகுதியில் அரியர். எடுத்தாள்வதைத் தடுப்பாரில்லை, தடுக்கவும் கூடாது. தேங்கிய நீர் திறந்துவிடப்பட்டால்தான் வயல் விளையும். ஆனால் மெட்டைப் பெற்ற இடத்தில் மூன்று செய்திகளையேனும் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம்: பாடியவர் பெயர், ஊர், எந்த வேலையின்போது அல்லது எந்தச் சடங்கில் அது பாடப்படுவது. அவர் இசைந்தால் அக்குறிப்பைக் கவிதையின் கீழே அச்சிடலாம். அரங்கேற்றத்திற்கு அவரையே அழைத்து முதலில் பாடச் செய்யலாம். கூலி பெறும் கலைஞருக்குரிய மதிப்போடு சன்மானமும் தரலாம்.

பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் வட்டம் இச்சிறு வழக்கத்தை மேற்கொண்டால், அடுத்த மலரின் உள்ளடக்கப் பக்கத்தில் கவிஞர் பெயர்களுக்கு அருகே நாற்று நட்டவர்களின் பெயர்களும் இடம்பெறும்.