மருந்து முடிந்த மறுநாள்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில், காசநோயிலிருந்து மீண்ட உறுப்பினர்கள் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



மேடையில் நிற்பது ஒருவர். பேசுவது மூன்று பேர். நாங்கள் மூவரும் காசநோயில் விழுந்து எழுந்தவர்கள். ஒருவர் தையல் பட்டறைத் தொழிலாளி. ஒருவர் தலையில் டப்பா சுமந்து இட்லி விற்கும் அக்கா. ஒருவர் தோல் பை தைக்கும் இளைஞர். எங்கள் பெயரைச் சொல்லவில்லை. வெட்கப்பட்டு அல்ல, எங்கள் வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருக்கிறது, அவ்வளவுதான். அந்தப் பயம் ஏன் இன்னும் இருக்கிறது என்பதையும் இங்கே பேசப் போகிறோம்.

காசநோய்க்கு மருந்து உண்டு. அரசு மருத்துவமனையில் இலவசம். சாதாரணக் காசநோய் என்றால் ஆறு மாதம் ஒருநாள்கூட விடாமல் சாப்பிட்டால் தீரும். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே. நாங்கள் கேட்பது வேறு. ஆறு மாதம் முடிந்த மறுநாள் அந்த மனிதன் எங்கே போவான்?

தையல் தோழரின் கதையைக் கேளுங்கள். கடைசிப் பரிசோதனையும் முடிந்தது. சளியில் கிருமி இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பட்டறைக்குப் போனார். எட்டு ஆண்டு அவர் உட்கார்ந்த மெஷினில் வேறு ஆள் உட்கார்ந்திருந்தான். சேட் சீட்டை வாங்கிப் பார்க்கவே இல்லை. "இன்னும் கொஞ்ச நாள் ரெஸ்ட் எடு பாய், பிறகு சொல்லி அனுப்புகிறேன்" என்றார். நான்கு மாதமாகியும் சொல்லி அனுப்பவில்லை.

வீட்டில் என்ன நடந்தது? அங்கே அன்புக்குக் குறைவில்லை. ஆனால் அந்த அன்பே அவரை நோயாளியாக வைத்திருந்தது. தண்ணீர்க் குடம் தூக்கப் போனால் மகன் பிடுங்கிக்கொள்வான். ரேஷன் கடைக்குக் கிளம்பினால் மனைவி பையை வாங்கிக்கொள்வார். மகளை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது என்று வீட்டில் பேச்சு நடந்தது. அவரிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை, "உடம்புக்கு ஆகாது" என்று. டம்ளரும் தட்டும் தனியாகவே கிடந்தன. நோய் இருந்தபோது ஒதுக்கியது பயத்தால். நோய் தீர்ந்த பிறகும் ஒதுக்கியது பழக்கத்தால். இரண்டும் மனிதனை ஒரே மூலையில்தான் உட்கார வைக்கின்றன.

தோழர்களே! இந்தத் தனி டம்ளருக்கு விஞ்ஞானத்தில் இடமே இல்லை. காசநோய் இருமல் வழியே காற்றில் பரவுவது. பாத்திரத்தால் பரவுவது அல்ல. சரியான மருந்து தொடங்கிச் சில வாரங்களிலேயே பரவும் தன்மை பெரிதும் குறைந்துவிடுகிறது. இதை உலகுக்கு நிரூபித்துக் காட்டியதில் தமிழ்நாட்டு ஏழைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. 1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு நிலையம் தொடங்கப்பட்டது. நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் படுக்க வைத்தார்கள். மறு பகுதியினருக்கு வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தார்கள். வீட்டிலிருந்தவர்களுக்கு நெருக்கடியான அறை, குறைந்த சாப்பாடு, ஓய்வும் குறைவு. 1959இல் முடிவு வெளிவந்தபோது உலகமே வியந்தது. வீட்டு மருத்துவம் சானடோரியத்துக்கு ஏறக்குறைய இணையான பலன் தந்திருந்தது. வீட்டிலிருந்தவர்களின் குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதலாக நோய் பரவவில்லை. நோயாளியை ஊரைவிட்டு ஒதுக்க வேண்டியதில்லை என்று சென்னைக் குடிசைகள் சொன்ன பாடம் அது. அந்த மக்களின் பேரப்பிள்ளைகள் நாம், தாராவியில் தனி டம்ளர் வைத்துக்கொண்டிருக்கிறோம்!

இனி இட்லி அக்கா. நோய் தீர்ந்தது, நுரையீரலில் வடு மிஞ்சியது. பலருக்கு இப்படி நேர்கிறது, இதை முன்கூட்டி எடுத்துச் சொல்வார் இல்லை. விடிகாலையில் டப்பாவைத் தலையில் ஏற்றி ரயில்வே பாலம் ஏறினால் பாதிப் படியில் மூச்சு வாங்கியது. "இனி வேண்டாம், வீட்டில் இரு" என்றார்கள். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. முதல் மாதம் நாத்தனார் டப்பாவைச் சுமந்தார், அக்கா கூட நடந்தார். இரண்டாம் மாதம் பாதி இட்லியோடு, பாலம் ஏறத் தேவையில்லாத தெருக்களுக்கு மட்டும் போனார். பிறகு ஒரு பழைய சைக்கிளை வாங்கி, டப்பாவைக் கட்டித் தள்ளிக்கொண்டு போனார். இன்று முழுச் சுற்றும் தனியாகப் போகிறார். வழக்கமான வாடிக்கையாளர் சிலர் திரும்பவில்லை, புதியவர்கள் வந்திருக்கிறார்கள். வேலைக்குத் திரும்புவது என்றால் ஒரே நாளில் பழைய பாரத்தைத் தூக்குவது என்று பொருளில்லை. பாரத்தைக் குறைக்கலாம், வழியை மாற்றலாம். ஆனால் வேலை அவருடையதாக இருக்க வேண்டும், வருகிற காசு அவர் கையில் இருக்க வேண்டும்.

மூன்றாமவர் செய்த தவறு நம் எல்லாருக்கும் பாடம். உடம்பு கொஞ்சம் தேறியதும் திருநெல்வேலிப் பக்கம் ஊருக்குப் போனார். கையில் பத்து நாள் மாத்திரை. ஊரில் தங்கியதோ ஒரு மாதம். மாத்திரை தீர்ந்தது, இருமல் திரும்பியது, மருந்தை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. மருந்து எதிர்ப்புக் காசநோயாக மாறாமல் தப்பியது அவர் அதிர்ஷ்டம். ஊருக்குப் போகிறவர்கள் கிளம்பும் முன்பே இங்குள்ள காசநோய் மையத்தில் சொல்லி, ஊர்ப் பக்கத்து மையத்துக்குப் பதிவை மாற்றிக்கொள்ளுங்கள். மருந்து அங்கேயும் இலவசம்தான்.

இப்போது அரசிடம் வருவோம். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்கென்று 2018 ஏப்ரலில் மாதம் 500 ரூபாய் கொடுக்கத் தொடங்கினார்கள். 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாய் ஆக்கினார்கள். வரவேற்கிறோம். உணவின் அருமைக்கு ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை நடந்த ஆய்வே சாட்சி. நோயாளியின் குடும்பத்துக்குச் சத்தான ரேஷன் கொடுத்தபோது, அந்தக் குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. ஆனால் மும்பையில் 1,000 ரூபாய்க்கு எத்தனை நாள் முட்டையும் பருப்பும் வாங்க முடியும்? அதுவும் மாத்திரை நிற்கும்போது பணமும் நின்றுவிடுகிறது. உழைக்கப் புறப்படும் நேரத்தில் கை காலியாகிவிடுகிறது.

ஈ.எஸ்.ஐ. உள்ள தொழிலாளிக்கு ஒரு பிடிமானம் உண்டு. காசநோய் நீண்டகால நோய்ப் பட்டியலில் இருக்கிறது. குறிப்பிட்ட காலம் சந்தா கட்டியிருந்தால், 91 நாள் சாதாரண நோய்க்காலப் பணம் முடிந்த பிறகும், சம்பளத்தில் 80 சதவீதம் இரண்டு ஆண்டு வரை பெற வழியிருக்கிறது. அந்த ஈ.எஸ்.ஐ. கட்டாயமாவது பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில். தாராவியில் எத்தனை பட்டறைகளில் கணக்கில் பத்துப் பேர் காட்டுகிறார்கள்? ஆறு பேர், எட்டுப் பேர். எல்லாம் பீஸ் ரேட். பெயர் எந்த ஏட்டிலும் கிடையாது. ஒரே நோய், ஒரே தொழில். சட்டம் ஒருவன் வீட்டு வாசலில் நிற்கிறது, மற்றவன் தெருவுக்கே வரவில்லை. சின்னப் பட்டறைத் தொழிலாளிக்கும் இந்தப் பாதுகாப்பு கட்டாயம் வேண்டும் என்று சங்கம் போராட வேண்டும்.

அரசு கொடுக்கும்வரை நாம் சும்மா இருக்க வேண்டுமா? வேண்டாம். நான்கு கோரிக்கைகளை இந்தக் கூட்டத்தின் முன் வைக்கிறோம்.

ஒன்று: நம் உறுப்பினர்களிலேயே பட்டறை நடத்துபவர்கள் இருக்கிறீர்கள். நோயில் விழுந்தவனின் மெஷினை ஆறு மாதம் அவன் பெயருக்கு வைத்திருங்கள். இடைக்கால ஆளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இரண்டு: திரும்பி வருகிறவனுக்கு முதல் இரண்டு மாதம் அரை நாள் வேலை கொடுங்கள்.

மூன்று: சங்க நிதியில் ஒரு பகுதியைத் திரும்பச் செலுத்தும் கடனாகத் தாருங்கள். தானமாக வேண்டாம். வாங்கிய கடனைக் கட்டி முடிக்கும் நாளில் மனிதன் நிமிர்ந்து நடப்பான்.

நான்கு: வீடுகளில் தனி டம்ளரை எடுத்துவிடுங்கள்.

கடைசியாக ஒரு செய்தி. தையல் தோழருக்கு வேறொரு பட்டறையில் இடம் கிடைத்திருக்கிறது, நம் சங்கத்து உறுப்பினர் ஒருவர் கொடுத்தது. முதல் வாரக் கூலியை அவர் மனைவியிடம் கொடுத்தபோது, அவர் ஒரு நூறு ரூபாயைத் திருப்பி நீட்டி, "ரேஷன் வாங்கிக்கிட்டு வாங்க" என்று பையையும் கொடுத்தாராம்.

டாக்டர் கொடுத்த சீட்டைவிட அந்தப் பைதான் தனக்குப் பெரிய சான்றிதழ் என்கிறார் தோழர்.